மூன்றாவது ஃபேஸ் எங்கே போகிறது?

இந்திரகுமார்: அந்த மெயின் சுவிட்ச் பெட்டிய எதுக்கு தம்பி தொறக்குறீங்க? சோலார் போடுறது கூரையிலதானே?

அக்ரம்: கூரையில வர்ற கரண்ட் இந்தப் பெட்டிக்குத்தாண்ணே வந்து சேரணும். ஒங்களுக்கு வந்திருக்கிறது சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸான்னு பாக்காம எத்தன பேனல்னு எப்படிச் சொல்றது?

இந்திரகுமார்: சிங்கிள்தான். எழுதிக்கங்க.

துஷாந்தினி: என்னங்க சிங்கிளு? மாமா இங்க மிளகாய் மில்லு ஓட்டுனாரு தம்பி. மோட்டருக்குன்னே மூணு ஃபேஸ் எடுத்தாரு. பல்லேபொல ஊருக்கே தெரியும். இவருக்கு மட்டும் மறந்துருச்சு.

அக்ரம்: அப்ப யோகம்தாங்க்கா! சிங்கிள்னா ஓரளவுக்கு மேல போட விட மாட்டாங்க. மூணு ஃபேஸ் இருந்தா கூரை பூரா போடலாம்.

இந்திரகுமார்: கூரை பூரா வேணாம். அங்க... பூனை படுக்கும்.

துஷாந்தினி: நம்ம வீட்டுல பூனையே இல்லையே.

இந்திரகுமார்: வந்தா?

அக்ரம்: இருங்கண்ணே, ஒவ்வொரு ஃபேஸ் சுவிட்சா எறக்கிப் பாக்குறேன். எதுல என்ன ஓடுதுன்னு தெரியணும். மொதலாவது...

துஷாந்தினி: ஃபேன் நின்னுருச்சு.

அக்ரம்: ஏத்திட்டேன். ரெண்டாவது...

துஷாந்தினி: ஃப்ரிஜ்ஜு. குசினி லைட்டு.

அக்ரம்: சரி, ஏத்திட்டேன். மூணாவது...

இந்திரகுமார்: அதுல ஒண்ணுமில்ல தம்பி. மில்லோட செத்துப்போச்சு. விட்டுருங்க.

அக்ரம்: என் டெஸ்ட் மீட்டரப் பிடிச்சா கரண்ட் ஓடுதுன்னு காட்டுதே. செத்தது ஓடுமாண்ணே? எறக்குறேன்...

துஷாந்தினி: வீட்டுல ஒண்ணும் அணையல. பக்கத்து வீட்டு டிவிதான் நின்னுருச்சு.

இந்திரகுமார்: நாடகம் முடிஞ்சிருக்கும்.

அக்ரம்: அழுகை பாதியிலயா?

துஷாந்தினி: உஸ்ஸ்... அவ பேசுறா, கேளுங்க. "கறுப்பா, கரண்ட் போச்சுடா. பையில கட்டி வச்ச ஐஸ் பக்கெட்டெல்லாம் கரையப் போகுது. ஒனக்கென்ன கவல, நீ நாயி..."

அக்ரம்: யாருக்கா அது?

துஷாந்தினி: இவரு தங்கச்சி விஜிதா. வேலியில படர்ந்த மிளகுக் கொடி யாரோடதுன்னு சண்ட. ரெண்டு வருஷமாப் பேச்சில்ல. இவருக்குச் சொல்ல வேண்டியத அவ நாய்கிட்டச் சொல்லுவா. இவரு பதில நம்ம கோழிகிட்டச் சொல்லுவாரு.

அக்ரம்: கோழி இருக்கட்டும். அண்ணே, தண்ணி அடிக்கிற ஹோஸுக்குள்ள ஒரு வயரு பூந்து வேலிப் பக்கம் போகுதே, அது என்ன?

இந்திரகுமார்: ...மொதல்ல அந்த சுவிட்ச மேல ஏத்துங்க தம்பி. ஐஸ் கரைஞ்சிரும்.

துஷாந்தினி: ஓ...

இந்திரகுமார்: என்ன ஓ? புருஷன் இல்லாதவ. ஸ்கூல் புள்ளைகளுக்கு ஐஸ் பக்கெட் வித்துத்தான் அவ வீட்டுல அடுப்பெரியுது.

அக்ரம்: தனியா லைன் எடுக்க வேண்டியதுதானே?

இந்திரகுமார்: அவ வீட்டுக் காணி இன்னும் அப்பா பேர்ல கெடக்கு. அந்தச் சண்ட சூட்டுலயே, லைன் எடுக்க என் கையெழுத்து வேணும்னு வந்து நின்னா. நாலு பேருக்கு முன்னாடி முடியாதுன்னுட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே... வயர இழுத்தேன்.

அக்ரம்: கையெழுத்துப் போடாம வயர் இழுத்தீங்களா?

இந்திரகுமார்: கையெழுத்துப் போட்டா ஊருக்குத் தெரிஞ்சிரும். வயரு மண்ணுக்குள்ளதானே.

அக்ரம்: நல்ல மனசுண்ணே. கெட்ட வயரு. ஒரு மழைக்கு ஆளையே கொண்டுபோயிரும். இந்த சுவிட்ச நான் திரும்ப ஏத்த மாட்டேன்.

இந்திரகுமார்: தம்பி!

அக்ரம்: மின்சார சபையில இருந்து வந்து பாக்காம சோலார் ஓடாது. ஒரு மீட்டர்ல ரெண்டு வீடுன்னா ஒத்துக்கவும் மாட்டாங்க. வயர வெட்டணும், இல்லன்னா...

துஷாந்தினி: கையெழுத்துப் போட்டு அவளுக்குன்னு ஒரு சிங்கிள் ஃபேஸ் எடுத்துக் குடுக்கணும்.

இந்திரகுமார்: சோலாரே வேணாம். போங்க.

அக்ரம்: சோலார் வேணாம்னாலும் வயரு வயருதாண்ணே.

துஷாந்தினி: அங்க ஐஸ் கரையுது. இங்க நீங்க நிக்கிறீங்க.

இந்திரகுமார்: நான் அந்த வாசலுக்குப் போனா நீ என்ன நெனப்ப, துஷா? அன்னைக்குச் சண்டையில அவ ஒன்னத்தானே வாய்க்கு வந்தபடி பேசுனா. தங்கச்சி பக்கம் சாஞ்சுட்டான்னு நீ நெனச்சிருவியோன்னுதான்... இத்தன நாளா ஒனக்குத் தெரியாம மறைச்சேன்.

துஷாந்தினி: ஆமா, பேசுனாதான். எனக்கு இன்னும் கோவந்தான். எந்திரிங்க, நானும் வர்றேன். லைன் வர்ற வரைக்கும் அவ ஐஸ் பக்கெட்டெல்லாம் நம்ம ஃப்ரிஜ்ஜுல இருக்கட்டும்... அப்புறம், மறைச்சேன் மறைச்சேங்கிறீங்களே, நீங்க சரக்கு லொறியில தம்புள்ளைக்குப் போயிடுற நாள்ல அந்த மூணாவது சுவிட்ச் தானா விழுந்தா, யாருங்க மேல ஏத்தி விடுறா?