மருதந்தோப்புச் சமாதி

என் மகள் பிரம்மநாயகிக்கு ஐந்து வயதிருக்கும்போது, ஆற்றங்கரை மருதந்தோப்பில் நின்றுகொண்டு, "இந்த நிழலுக்குப் பட்டா உண்டுமாப்பா?" என்று கேட்டாள். நான் ஊர்க் கணக்கன். பதில் எனக்குத் தெரியும். அது புறம்போக்கு. யாருக்கும் உரியதல்லாத இடத்தை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

1911-இல் கேட்டார்கள், ஐயா. பாளையங்கோட்டை எங்கள் பக்கமாக வளர்ந்துகொண்டிருந்தது. தோப்பை வெட்டி வீட்டுமனைகளாக்க வேண்டுமென்று தாணுமாலையன் என்ற வியாபாரி மனுப் போட்டார். கிளிகள் அடையும் இடம், மாடுகள் இளைப்பாறும் இடம் என்று நான் மூன்று முறை ஆட்சேபம் எழுதினேன். மூன்றும் திரும்பி வந்தன.

"கிளிக்கும் மாட்டுக்கும் வக்காலத்தா வே, கணக்குப்பிள்ளை?" என்று அவர் சிரித்தார்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். சமாதி இருக்கும் இடத்தை மனையாக்க எங்கள் தாசில்தார் கையெழுத்துப் போடமாட்டார்.

தோப்பில் நாறும்பூநாதப் பண்டாரம் என்ற முதியவர் காய்ச்சலில் கிடந்தார். உற்றார் இல்லாதவர். பண்டாரங்களை எரிப்பதில்லை, இறந்த இடத்திலேயே உட்கார்த்திப் புதைப்பது எங்கள் ஊர் வழக்கம். காத்திருந்தால் போதும் என்று நினைத்தேன். ஆனாலும் ஒரு மனிதர் பசியோடு போகக் கூடாதே. தினமும் கஞ்சி கொண்டுபோனேன், கால் பிடித்துவிட்டேன். நான் செய்த பிசகு அதுதான். பதினைந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளைவாள், உம்ம கஞ்சி எமனையே வெரட்டிட்டு. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்தே போவப் போறேன். ஒரு காவி வேட்டி மட்டும் எடுத்துத் தாரும்."

தருகிறேன் என்றேன். தாசில்தார் இடம் பார்க்க வருவதற்கு மூன்று நாளே இருந்தது.

மறுநாள் கஞ்சியில் அரளி விதையை அரைத்துக் கலந்தேன். கசப்புத் தெரியாமலிருக்கக் கருப்பட்டி கூடுதலாகப் போட்டேன்.

"இன்னைக்கு இனிப்பா இருக்கே வே" என்றார்.

கடைசிவரை அவர் தலை என் மடியில்தான் இருந்தது. நெற்றியில் திருநீறு பூசினேன். தேவாரம் சொன்னேன். அநாதையாக அவர் சாகவில்லை.

ஊரார் கூடிப் புதைத்தார்கள். தாசில்தார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். 'சமாதிப் புறம்போக்கு' என்று கணக்கில் நானே எழுதினேன். தோப்பு இன்றும் இருக்கிறது. மத்தியானத்தில் மாடுகள் அங்கேதான் படுக்கின்றன.

பூசத்துக்கு முந்தின நாள், ஆளரவம் இல்லாத வேளை பார்த்து, புதுக் காவி வேட்டி ஒன்றைச் சமாதிமேல் மடித்து வைத்துவிட்டு வந்தேன். அவருக்கு நான் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். வேறு கடன் எதுவும் அவருக்கு நான் பட்டிருக்கவில்லை.