வெள்ளிக்கெழமைக்கு எழுதி வச்ச மழை

எங்க ஊட்டு முருங்கமரம் மழைல சாஞ்சிதே, அதுக்கு மறுநாளு, அதாவது நேத்து சாயங்காலம். முருங்கைனா சும்மாவே ஒடியும், அத்த வுடு. திருவள்ளூர்ல ரயிலேறுனேன். எதுர்ல ரெண்டு டீச்சருங்க.

"மழை அளக்குற டப்பாவ பாக்காமலே, ஒரு பொண்ணு வாரம் பூரா அளவயும் திங்கக்கெழமையே நோட்டுல எழுதிட்டா, டீச்சர்."

"நீ படிக்கசொல்ல அப்டிதான எழுதின?"

"சிரிக்காதீங்க. மூணு நாளா அவ எழுதின அளவேதான் பேஞ்சிக்கீது. புள்ளி மாறல."

"வியாழனுக்கு இன்னா போட்டுக்கீறா?"

"மழை இல்லைன்னு. வெள்ளிக்கி அளவே இல்ல. 'டப்பா முழுகிடுச்சி, அளக்க யாரும் வரல'ன்னு எழுதிக்கீறா. ஏண்டி இப்டின்னா, தெரியல மிஸ், கை தானா எழுதிச்சின்னு அழுவுறா."

"ஹெச்.எம். கிட்ட சொல்லி வெள்ளிக்கி லீவு வுடச் சொல்லேன்."

"இன்னான்னு சொல்லி கேக்க?"

செவ்வாப்பேட்டைல எறங்கிப் பூட்டாங்க. இன்னிக்கி வியாழன். மூணு நாள் ஊத்துன வானம் தொடச்சி வுட்டாப்ல கீது. அந்தப் பக்கம் புள்ளைங்கள பள்ளிக்கூடம் அனுப்புறவங்க யாராச்சும் ஒனக்குத் தெரிஞ்சா, பொழுது சாயறதுக்குள்ள சொல்லிடுப்பா.