குறையாத பாட்டில்

கார்க்காரர்: ...பாய்ஞ்சுதுண்ணே! சும்மா சொல்லக்கூடாது. மேட்டுல மிதிச்சேன், அப்படியே அள்ளிக்கிட்டுப் போச்சு.

மெக்கானிக்: மிதிச்ச உடனேயா சார்?

கார்க்காரர்: உடனே! முன்னெல்லாம் மிதிச்சிட்டு, எஞ்சினுக்குக் காத்து ஊதுற அந்த டர்போ சுத்தி வேகம் பிடிக்கிற வரைக்கும் தேமேன்னு உக்காந்திருப்பேனே... அந்தக் கதையே இல்ல. நைட்ரஸ் கேஸை எஞ்சினுக்குள்ள அடிச்சா டர்போ சீக்கிரம் சுத்தும்னு நீங்க சொன்னப்போ நான் நம்பலண்ணே.

மெக்கானிக்: சுவிட்சைப் போட்டதும் கேஸ் நல்லா அடிச்சுதா?

கார்க்காரர்: புஸ்ஸுன்னு அடிச்சுது.

மெக்கானிக்: டர்போ பிடிச்சதும் தானா நின்னுச்சா? நிக்கலேன்னா எஞ்சின் தாங்காது.

கார்க்காரர்: சமர்த்தா நின்னுச்சு.

மெக்கானிக்: ம்... அப்ப வேலை முடிஞ்சுது. இனிமே நீங்க வர வேண்டியதில்ல.

கார்க்காரர்: இருங்க, இருங்க... உள்ள ஏதோ கடகடன்னு சத்தம்.

மெக்கானிக்: எங்க?

கார்க்காரர்: முன்னாடி. இல்ல... பின்னாடி.

மெக்கானிக்: போன வாரம் கதவுல சத்தம்னீங்க. அதுக்கு முந்தி சீட்டுல.

கார்க்காரர்: வயசான வண்டி. தினம் ஒரு இடத்துல வலி.

மெக்கானிக்: சரி, டிக்கியத் திறங்க. கேஸ் பாட்டில எடை போட்டுடுவோம்.

கார்க்காரர்: அது எதுக்கு இப்போ? அதான் நல்லா அடிக்குதுன்னேனே...

மெக்கானிக்: அடிச்சிருந்தா எடை குறைஞ்சிருக்கும்ல? ஒரு கை குடுங்க. பிடிக்க ஆளில்ல, இருந்த பசங்க எல்லாரும் கம்பெனி ஷோரூமுக்கு வேலைக்குப் போயிட்டாங்க... ஆங், வைங்க. பாத்தீங்களா?

கார்க்காரர்: தராசு கோளாறா இருக்கும்.

மெக்கானிக்: காதுல பூ சுத்தாதீங்க சார். நான் ரொப்பிக் குடுத்தது அப்படியே இருக்கு. எங்கதான் ஓட்டுனீங்க?

கார்க்காரர்: வீட்லேருந்து இங்க. இங்கேருந்து வீட்டுக்கு.

மெக்கானிக்: அவ்வளவுதானா?

கார்க்காரர்: வேற எங்கண்ணே போறது? என் வீட்டுக்காரி உயிரோட இருந்தப்போ பக்கத்துல உக்காந்து கேலி பண்ணிக்கிட்டே வருவா. மிதிச்சும் வண்டி கிளம்பலன்னா, "உங்கள மாதிரியேதான். எழுப்பினா கொஞ்ச நேரம் முழிச்சிட்டுத்தான் எந்திரிக்குது"ன்னு...

மெக்கானிக்: நல்லா சொல்லியிருக்காங்க. அப்புறம் அதைப் போய் ஏன் சரி பண்ணச் சொன்னீங்க?

கார்க்காரர்: இப்பவும் மிதிச்சா அது அப்படியே நிக்குது. பக்கத்துல பேச்சு இல்ல. அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால தாங்க முடியலண்ணே.

மெக்கானிக்: அப்ப சுவிட்சைப் போட்டிருக்கலாமே?

கார்க்காரர்: போட்டா சரியாயிடும். சரியாயிட்டா இங்க வர என்ன சாக்கு சொல்றது? இங்க வந்தா நீங்க நாலு வார்த்தை திட்டவாவது செய்றீங்க. வீட்ல டிவி மட்டும்தான் பேசுது.

மெக்கானிக்: அட, என்ன சார் நீங்க...

கார்க்காரர்: அது கெடக்கட்டும். நான் பாய்ஞ்சுதுன்னு சொன்னப்பவே உங்க மூஞ்சி மாறிடுச்சு. எடை போட்டது அப்புறம். பொய்னு எப்படித் தெரிஞ்சுது?

மெக்கானிக்: அதை விடுங்க.

கார்க்காரர்: விடறதாவது! நான் மட்டும் மானங்கெட்டு நிக்கணுமா? சொல்லுங்கண்ணே.

மெக்கானிக்: இந்த ஷெட்டுல உங்க வண்டியத் தவிர வேற வண்டி நிக்குதா சார்? போன வாரம் அந்த சுவிட்ச் ஒயரைக் கழட்டி விட்டதே நான்தான்... சுவிட்சைப் போட்டு மிதிச்சாலும் ஒண்ணுமே நடக்கலன்னு மறுநாளே சண்டைக்கு வருவீங்கன்னு, வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.