ஒரு வாய் ரொட்டி

லிந்துலையில் நான் ஏறியபோது பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த பெண், என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த யாரோ ஒரு அம்மாவின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். போதைப்பொருள் பாவிக்கிறவர்களைச் சிறைக்கு அனுப்புவதா, வைத்தியத்துக்கு அனுப்புவதா என்று ரேடியோவில் நேயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவங்களுக்கு என்னத்துக்கு வைத்தியம்? புடிச்சு உள்ள போடணும்" என்றார் பையை வைத்திருந்த பெண். "பை சுடுதே, என்னாக்கா இது?"

"ரொட்டிம்மா. நீ சொன்ன மாதிரி உள்ள இருக்க மகனுக்கு. தூள் பாவிச்சான்னு புடிச்சிட்டாங்க."

"ஐயோ, தெரியாம சொல்லிட்டேங்கக்கா."

"இருக்கட்டும்மா. பக்கத்து வீட்டுப் பையன புடிச்சப்ப நானும் அதத்தான் சொன்னேன். காய்ச்சல்னா தோட்டத்து டிஸ்பென்சரிக்கு கூட்டிக்கிட்டுப் போறோம். இதுக்கு எங்க கூட்டிக்கிட்டுப் போறதுன்னே எனக்குத் தெரியலயே."

"ரொட்டி நெறைய சுட்டிருக்கீங்க போல?"

"ஒவ்வொன்னுலயும் நான் ஒரு வாய் தின்னு காட்டணும். அப்பத்தான் ஜெயில் வாசல்ல உள்ள எடுப்பாங்க."

"பெத்த தாயவேவா சந்தேகப்படுறாங்க?"

"எனக்கு அது புடிச்சிருக்கும்மா. தூள் பழகினதுக்கப்புறம் அவன் என்னோட உக்காந்து சாப்பிட்டதே இல்ல. இப்பத்தான் ஒரே ரொட்டிய ரெண்டு பேரும் திங்கிறோம்."

அந்தப் பெண் தன் சால்வையை எடுத்துப் பையைச் சுற்றி மூடி, ஹட்டன் வரும்வரை இரண்டு கையாலும் அணைத்தபடி இருந்தார்.