சிவப்பு வண்டியில் ஒரு மஞ்சள் பெருக்கல் குறி

டீ நன்றாக இருக்கிறதுங்க மேடம். சர்க்கரைதான் ஒரு சிட்டிகை தூக்கல். கிளாஸின் விளிம்பில் முடி மாதிரி ஒரு விரிசலும் ஓடுகிறது. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிங்காநல்லூரில் ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்திரண்டு வருசமாகச் செக்கிங்கில் இருக்கிறேன். கண் தானாக அங்கேதான் போய் நிற்கும்.

வாக்குமூலம் எழுத வேண்டும் என்றீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். பெயர் இருதயம்மாள். வயது ஐம்பத்தொன்று. கணபதியில் மாதா கோயிலுக்குப் பின்வீதி. வீட்டுக்காரர் சைமன் லேத் பட்டறை வைத்திருந்தவர். அவர் போய் ஏழு வருசம் ஆகிறது. அவருடைய சாமான் பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பெட்டி பின்னால் வரும்.

எங்கள் வீதியில் ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் சரி, பெண் பார்க்கப் போனாலும் சரி, "இருதயாக்காளை ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம்" என்பார்கள். கேட்காதவர்கள் வீட்டுக்கு நானே போய்ச் சொல்லிவிடுவேன். எனக்கு 'வீதி ரேடியோ' என்று ஒரு பட்டப்பெயர் இருப்பது தெரியும். வைத்தவர் யார் என்பதும் தெரியும். அவருடைய மருமகள் ஆடி முடிந்தும் ஏன் இன்னும் தாய்வீட்டிலேயே இருக்கிறாள் என்பதும் தெரியும். அது இந்த வழக்கில் வராது.

எதிர்வீட்டுப் பொற்கொடியின் மகள் யுவஸ்ரீ. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். சிங்காநல்லூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. மூன்று வருசமாக ஏழே முக்கால் டவுன் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போகிறோம். பெண்களுக்குத்தான் டிக்கெட் இல்லையே, கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அவள் முன்னால் ஏறித் துப்பட்டாவைப் போட்டு சீட் பிடிப்பாள். ஜன்னலோரம் எனக்கு. அந்த நாற்பது நிமிசத்தில் வீதியில் நடந்தது, நடக்கப் போவது, நடந்திருக்க வேண்டியது எல்லாம் சொல்லி முடிப்பேன். "அப்புறமுங்கக்கா?" என்பாள். வேறு யாரும் என்னிடம் அப்படிக் கேட்பதில்லை. மற்றவர்கள் எல்லாம் "அடுப்புல பால் வெச்சிருக்கேனுங்க" என்று உள்ளே போய்விடுவார்கள். எங்கள் வீதியில் காய்கிற பாலுக்குக் கோயமுத்தூர் முழுக்கவே டீ போடலாம்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அவள் மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்று உங்களுக்குப் புரிய வேண்டும்.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள். "அக்கா, வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கிற டீமுக்கு என்னை லீடரா போடறாங்களாமுங்க. காலையில ஆறு மணிக்குக் கிளம்போணும், சொந்த வண்டி இருக்கோணும். ஒண்ணாந் தேதிக்குள்ள வண்டியைக் காட்டலீன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"அதுக்கென்ன கண்ணு, ஸ்கூட்டி ஒண்ணு வாங்கிக்க."

"ஸ்கூட்டி எல்லாரும் ஓட்டறாங்க. நான் பத்தாவது படிக்கையில இருந்து ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு ஆசைப்பட்டுட்டு இருக்கறனுங்க. புதுசு நம்மால ஆவாது. பழசா ஒண்ணு பாத்திருக்கேன். நீங்கதான் கூட வந்து செக் பண்ணித் தரோணும்."

அவள் லைசென்ஸ் எடுத்தது அவள் மாமனின் பைக்கில். ஓட்டத் தெரியும். எனக்குத்தான் சைக்கிள்கூட வராது. ஆனால் பம்ப் என்ன, பைக் என்ன, இரும்பு இரும்புதான். இரண்டு நாள் செல்போனில் வீடியோ பார்த்தேன். கீழே விழுந்த வண்டியா என்பதை பிரேக் லீவரின் நுனியிலும் கால் வைக்கிற கம்பியின் ஓரத்திலும் பார்க்க வேண்டும். மீட்டரில் குறைவாக ஓடியதாகக் காட்டி, கால் ரப்பர் தேய்ந்திருந்தால் மீட்டர் பொய். டேங்குக்குள் டார்ச் அடித்துத் துரு பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நாம் போகும்போதே சூடாக இருந்தால், விற்கிறவன் எதையோ மறைக்கிறான்.

விற்கிறவன் ஆல்வின். மூன்றாவது வீதி, கோயில் பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசிப்பான். அவனுக்கும் ஃபெமினாவுக்கும் கல்யாணம் பேசியிருந்தது. வண்டியை விற்பதே அவளுக்காகத்தான். "இதுல பின்னாடி உக்காந்தா குரங்குக்குட்டி மாதிரி உங்களைக் கவ்விப் புடிச்சுட்டு வரோணும், எனக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டாளாம். பெண் புத்திசாலி.

எட்டு நாளைக்கு முன்னால், ஞாயிறு பூசை முடிந்து நானும் யுவஸ்ரீயும் போனோம். ரத்தச் சிவப்பு. முன்பக்கம் வண்டு முகம் மாதிரி பிளாஸ்டிக் போர்த்தி, ஓட்டுகிற ஆளைக் குனிய வைக்கிற வண்டி. நான் பதினோரு குறை கண்டுபிடித்தேன். ஆனால் நான் ஒன்றைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆல்வினே சொல்லிவிட்டான். "இடது பக்கம் ஒருக்கா விழுந்துச்சுங்க, இங்க கீறல் இருக்குது பாருங்க. செயின் மாத்தோணும். பின் டயர் இன்னும் ஆறு மாசம் வரும்." குறையைச் சொல்லி விற்கிறவனிடம் செக்கிங்குக்கு என்ன மரியாதை இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். யுவஸ்ரீ அவன் சொல்லச் சொல்லத் தலையாட்டினாள். ஒருதரம் "அப்புறமுங்க?" என்றும் கேட்டாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் தம்பிதுரையைக் கூட்டிக்கொண்டு ஏழு மணிக்கு வருவதாக ஏற்பாடு. நான் ஆறே காலுக்கே ஆல்வின் வீட்டுக்குப் போய்விட்டேன். "கண்ணு, இந்தச் சத்தத்தை ஒருக்கா காதால கேக்கோணும்னு ஆசையா இருக்குது" என்றேன். சந்தோசமாக ஸ்டார்ட் செய்தான். ஒரே அழுத்தில் எடுத்தது. "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் சாமி, கோயில் ஆர்கன் மாதிரி இருக்குது" என்றேன். கால் மணி நேரம் ஓட விட்டான். அவன் அம்மா எனக்கு இஞ்சி டீ கொடுத்தார்கள். இஞ்சி போதாது.

ஏழு மணிக்குத் தம்பிதுரை வந்து இன்ஜின் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோனான். உடனே எடுத்துவிட்டான். "சூடு பண்ணி வெச்சிருக்கறாப்ல. வேண்டாம் அம்மணி" என்றான்.

"இருதயா ஆன்ட்டிதானுங்க ஸ்டார்ட் பண்ணச் சொன்னாங்க," என்றான் ஆல்வின்.

நான் அவனைப் பார்த்தேன். கோபமாக அல்ல, பரிதாபமாகத்தான். "நானா கண்ணு?" என்று கேட்டேன். அவ்வளவுதான். நான் சொன்ன பொய் என்று ஒரு வார்த்தைகூட உங்களால் எழுத முடியாது மேடம். அது கேள்வி.

அந்தப் பையன் வாதாடியிருந்தால் விட்டிருப்பேன். வாதாடவில்லை. புதன்கிழமை காலை சாவியைக் கொண்டுவந்து யுவஸ்ரீயிடமே கொடுத்துவிட்டான். "நாளைக்கு வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டுங்க. யாரும் தொட முடியாது. அப்புறம் வந்து பாருங்க" என்றான். வியாழக்கிழமை மூன்று பேரும் மறுபடி போனோம். இன்ஜின் ஜில்லென்று இருந்தது. ஒரே அழுத்து. தம்பிதுரை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சுத்தமான வண்டி" என்றான். யுவஸ்ரீ ஏறி, குனிந்து, வீதி முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். மூன்று வருசத்தில், என் நாற்பது நிமிசங்களில் ஒன்றில்கூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

"அக்கா, நீங்களும் ஒருக்கா ஏறுங்க," என்றாள்.

நான் பின் சீட்டைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம். அதுவும் முன் சீட்டைவிட ஒரு முழம் உயரத்தில், சரிந்து. அதில் ஒரு காக்காய் உட்காரலாம். நான் எண்பத்திரண்டு கிலோ. "அப்புறம் பாக்கலாம் கண்ணு" என்றேன். அவள் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு அவளுடைய பாதுகாப்பைப் பற்றிய கவலை மிகவும் அதிகமானது.

ஆர்.சி. புக் சோமனூரில் ஆல்வினுடைய அண்ணனிடம் இருந்தது. "சனிக்கிழமை அது வந்ததும் சேசிஸ் நம்பரைச் சரிபாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துருங்க. நம்பர்ல கீறல் இருந்தா மட்டும் தொடவே கூடாது, திருட்டு வண்டின்னு அர்த்தம்" என்றான் தம்பிதுரை. அவன் பேச்சுவாக்கில் சொன்னதுதான். எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆல்வின் வீட்டில் எல்லோரும் கல்யாணத் துணி எடுக்கப் போயிருந்தார்கள். பத்து மணிக்குக் கிளம்பி மூன்றுக்குத்தான் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். வீதியில் யார் எப்போது எங்கே போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் பெட்டியிலிருந்து ஒரு சின்ன அரம் எடுத்துக்கொண்டேன். அவர் இருந்திருந்தால் இந்த வேலைக்கு எந்த அரம் என்று கேட்டிருப்பேன். வண்டி அவர்கள் வாசலில்தான் நின்றது. சேசிஸ் நம்பர் ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துப் பக்கம் அடித்திருக்கும். அதில் ஏழாவது எண்ணை மட்டும் தேய்த்தேன். ஒரே ஒரு எண். முழுவதையும் தேய்க்க எனக்கு மனசு வரவில்லை, நான் அப்படிப்பட்டவள் அல்ல.

சனிக்கிழமை காலை இந்த ஸ்டேசனுக்கு யாரோ ஒருவர் போன் செய்து, திருட்டு வண்டி விற்கிறார்கள் என்று சொன்னதாக ஃபைலில் எழுதியிருக்கிறீர்கள். யாரோ ஒருவர் அல்ல, நான்தான். குரலை மாற்றவில்லை, வாயில் துணி வைக்கவில்லை. பெயரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உங்கள் ஆள் கேட்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அது ஒரு குறை.

அன்றைக்குச் சாயங்காலம் அட்வான்ஸ் கொடுக்கிற நேரத்தில் தம்பிதுரை டார்ச் அடித்துப் பார்த்தான். "நம்பரைத் தேய்ச்சிருக்குது" என்றான். அதே நேரத்தில் உங்கள் ஜீப்பும் வந்தது. ஆல்வின் யாரையும் திட்டவில்லை. யுவஸ்ரீயைப் பார்த்து, "உங்க ஒண்ணாந் தேதி போயிருமேங்க" என்றான். அவனையும் வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவனுக்கும் ஃபெமினாவுக்கும் மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் இன்னாரைக் கட்டுகிறார், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள் இல்லையா, அதில் கடைசி. சாமியார் வாசிக்கவில்லை. ஃபெமினாவின் அத்தை காதில் விசயத்தை யார் போட்டது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், நான்தான். கோயிலுக்குள் போடவில்லை. வெளியே, செருப்பு விடுகிற இடத்தில்தான்.

இதெல்லாம் ஒரு பெண்ணின் உயிருக்காகச் செய்தது. வண்டி போனால் வேறு வண்டி. கல்யாணம் தள்ளிப்போனால் அடுத்த மாதம். ரோட்டில் விழுந்தால்?

எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதையும் நானே சொல்கிறேன். எங்கள் செக்கிங்கில் ஒரு பழக்கம். ஓட்டை விழுந்த பம்ப் வந்தால், குறை இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மஞ்சள் சாக்பீஸால் பெருக்கல் குறி போட வேண்டும். ரிஜெக்ட். ஒரு நாளைக்கு நானூறு தடவை போடுவேன். கை தானாகப் போட்டுவிடும். வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தில்கூடப் போட்டிருக்கிறேன். பஸ்ஸில் கிழிந்த சீட்டுக்கெல்லாம் போடுவேன், யுவஸ்ரீ விழுந்து விழுந்து சிரிப்பாள். வெள்ளிக்கிழமை அரத்தைத் துடைத்துப் பையில் வைத்தேன், துகளை ஊதினேன், சேலையைச் சரிசெய்தேன். எல்லாம் கவனமாகத்தான் செய்தேன். ஆனால் தேய்ந்த ஏழாவது எண்ணுக்குப் பக்கத்தில், சிவப்பு பெயின்ட்டின் மேல், என் கை அதன் வேலையைச் செய்துவிட்டது.

தம்பிதுரை அதைப் பார்த்தான், அவனுக்குப் புரியவில்லை. உங்கள் ஆட்கள் பார்த்தார்கள், அவர்களுக்கும் புரியவில்லை. யுவஸ்ரீ செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

இன்றைக்குக் காலை ஏழே முக்கால் பஸ்ஸில் ஏறினோம். அவள் துப்பட்டா போட்டுச் சீட் பிடிக்கவில்லை. நானே பிடித்தேன். பக்கத்துச் சீட்டைக் கையால் தட்டி, "வா கண்ணு" என்றேன். அவள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். நான் ஃபெமினா வீட்டுச் சமாச்சாரம் சொன்னேன், பாதியில் நிறுத்திப் பார்த்தேன். அவள் அப்புறம் என்று கேட்கவில்லை. காந்திபுரத்தில் இறங்கிவிட்டாள். அங்கிருந்து நேராக இங்கே வந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். நாற்பது நிமிசம் இருந்ததே.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். இன்ஜினைச் சூடாக்க வைத்தது, நம்பரைத் தேய்த்தது, போன் செய்தது, அத்தை காதில் போட்டது, நான்கும் நான்தான். ஆல்வினை அனுப்பிவிடுங்கள், பாவம், வண்டியில் ஒரு தப்பும் இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும்? பேனா ரீஃபில் தீரப்போகிறது, மாற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு உதவி மேடம். யுவஸ்ரீ என்னிடம் பேச மாட்டாள் போலிருக்கிறது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒண்ணாந் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. நாலாவது வீதி ரம்ஷா டீச்சர் ஸ்கூட்டரை விற்கிறார்கள். நேற்றுப் பூசை முடிந்ததும் நேராகப் போய்ப் பார்த்துவிட்டேன். பிரேக் கொஞ்சம் பிடிக்கவில்லை, முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது, ஸ்டார்ட் ஆக ஏழெட்டு உதை வேண்டும். அதெல்லாம் ஒரு குறையே இல்லை. பின் சீட் நல்ல அகலம், ஏறி உட்கார்ந்தே பார்த்தேன். எனக்குக் கம்பெனி ஒன்பது மணிக்குத்தான், ஆனாலும் ஆறு மணிக்கே கிளம்ப எனக்கு ஒன்றும் சிரமம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.