பவுடர் பூசிப் பொய் சொன்ன கதை

விழாத் தலைவி அம்மையார் வெங்கடலட்சுமி அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அரைமனத்தோடு வந்தமர்ந்திருக்கும் கிணத்துக்கடவுத் தாய்மார்களே! மனைவியை அழைத்துப் போக வந்து மதிலோரம் மறைந்து நிற்கும் மாப்பிள்ளைமாரே! சாமியாத்தாளின் தலைதாழ்ந்த வணக்கம்.

‘பெண்ணும் துணிவும்’ என்பது எனக்குத் தந்த தலைப்பு. இதே தலைப்பில் நானூறு மேடை ஏறியவள் நான். அந்த வீராங்கனை என்ன செய்தாள் தெரியுமா? இடது மார்பில் சிறு கட்டியொன்று கைக்குத் தட்டுப்பட்டதும், ஐந்து மாதம் மூச்சு விடவில்லை! மைக்கைக் கண்டால் மூடாத வாய், டாக்டரை நினைத்தால் திறக்கவில்லை. மேடையில் மார்பு என்கிறாளே என்று முகம் சுளிக்கிறீர்களா? சுளித்துக்கொண்டே கேளுங்கள்.

ஒருவழியாக மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்கக் கோவைக்குக் கிளம்பினேன். முதல் நாளே போனில் சொன்னார்கள்: “குளிச்சுப்போட்டு வாங்கம்மா. பவுடர், சென்ட்டு எதும் மார்லயும் அக்குள்லயும் பூசாதீங்க. சேலையே போதுமுங்க, ரவிக்கையை மட்டும் கழட்டுனா ஆச்சு.”

கேட்டேனா? காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் யாரேனும் என்னை அடையாளம் கண்டுவிட்டால்? முகம், கழுத்து, அக்குள், மார்பு என்று பாதி டப்பாவைக் கொட்டிக்கொண்டு, பஸ்ஸே மணக்கப் போனேன்!

படம் எடுப்பவர் பக்ருன்னிசா என்றொரு பெண். அறையில் ஆண்வாடையே இல்லை. ஐந்து மாதம் கூசியது வீண்.

“பவுடர் போட்டிருக்கீங்களாம்மா?”

“இல்லவே இல்லைங்க. என்ர நெறமே இப்படித்தானுங்க!”

சிரிக்காதீர்கள், பின்வரிசை அம்மணி! உங்கள் கழுத்தும் இங்கிருந்து தெரிகிறது.

இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்துகிறார்கள். வலிக்குமா? வலிக்கும். எவ்வளவு நேரம்? மூச்சை அடக்கிப் பத்து எண்ணுவதற்குள் விட்டுவிடுவார்கள். பக்கத்துக்கு இரண்டு படம், அவ்வளவுதான். நான் ‘ஐயோ’ என்று அலறியது தட்டு என்மேல் படுமுன்பே!

படத்தைக் கழுவிப் பார்த்துவிட்டு பக்ருன்னிசா திரும்பி வந்தார். “படம் பூராவும் வெள்ளை வெள்ளையாப் புள்ளி தெரியுதுங்கம்மா. பவுடர் இருந்தா இப்படித்தான் விழும், இப்பவாச்சும் நெசத்தைச் சொல்லுங்க.”

சொன்னேன். ஈரத்துணியால் அவரே துடைத்துவிட்டார். மறுபடியும் தட்டு, மறுபடியும் அழுத்தம், ஒரு பொய்க்கு இரண்டு தண்டனை!

இரண்டாம் படத்தில் அக்குள் பவுடர் போயிற்று, மார்புப் பவுடர் போயிற்று, என் நிறப்பெருமையும் போயிற்று. இடது மார்பின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் போகவில்லை. ஊசியால் சதையெடுத்துப் பார்த்தார்கள். புற்று. வருகிற திங்கட்கிழமை அறுவை.

உச்சுக்கொட்டாதீர்கள் தாய்மார்களே! “சின்னதாத்தான் இருக்குதுங்க, காப்பாத்திரலாம். அஞ்சு மாசம் முந்தி வந்திருந்தா இன்னும் சின்னதா இருந்திருக்குமுங்க” என்றார் டாக்டர். அந்த ஐந்து மாதத்தில் பன்னிரண்டு மேடை ஏறினேன். பன்னிரண்டிலும் துணிவைப் பற்றித்தான் முழங்கினேன்!

என்னம்மா கேட்கிறீர்கள், முன்வரிசையில்? “பயமா இருக்குதுங்களா?” என்றா?

இருக்கிறது தாயே, நெஞ்சு நடுங்குகிறது. நானூறு மேடையில் நான் சொல்லாத உண்மை இது. துணிவு வரட்டும் என்று காத்திருந்தேன், அது வரவேயில்லை. கட்டிதான் வளர்ந்தது. ஆகவே, உங்கள் கைக்கு ஏதேனும் தட்டுப்பட்டால் துணிவுக்காகக் காத்திராதீர்கள். நடுங்கிக்கொண்டே போங்கள், அழுதுகொண்டே போங்கள், ஆனால் நாளைக்கே போங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. திங்கட்கிழமை காலை என்னை ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.