கிட்டங்கியில் பதிந்த குரல்

பிள்ளைகள் சத்தம் போட்டால் எனக்குக் கோபம் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. எங்கள் பேகம்பூர்த் தெருவில் எந்தப் பிள்ளை பந்தடித்து ஜன்னலை உடைத்தாலும், அதட்டாமல் பந்தை எடுத்துக் கொடுக்கிறவள் இந்த பக்ருன்னிசா.

வீட்டை ஒட்டியே எங்கள் தோல் கிட்டங்கி. என் வீட்டுக்காரர் அப்துல் சுக்கூர் நாற்பது வருஷம் அதில் ஆட்டுத்தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கினார். அவர் மவுத்தாகி அடக்கம் பண்ணின மறுமாதமே அவருடைய தம்பி மகன் நிஹால் சாவியைக் கேட்டு ஆளனுப்பினான். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறவன், வெள்ளிக்கிழமை லீவு. பிளாக் மெட்டல் என்று ஒரு பாட்டாம். கரண்டுக் கிடாரை இரைய விட்டு, தொண்டை கிழியக் கத்துவது. எழுதி வைத்துப் பாடக் கூடாது. வந்ததை வந்தபடி ஒரே மூச்சில் ஃபோனில் பதிய வேண்டும். கரகரப்பு, இருமல், எதையும் நீக்கக் கூடாது. அதற்கு டெமோ என்று பேர் சொன்னான்.

"ஏலே, பேயை ஓட்டுறியா, கூப்பிடுறியா?" என்பேன்.

"ரெண்டுந்தான் பெரியம்மா. இன்னைக்கு சோத்துக்கு என்ன வெஞ்சனம்?"

சுவருக்கு இந்தப் பக்கம் நான் சமைப்பேன், அந்தப் பக்கம் அவன் கத்துவான். வீடு வெறிச்சென்று இல்லாமல் இருந்தது.

வருஷம் திரும்பிய பிறகு ஒருநாள், அவனுடைய கூட்டாளி முகேஷ்குமார், வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கிறவன், ஃபோனோடு வந்தான். "பெரியம்மா, பாட்டுல நீங்களும் இருக்கீங்க. கேளுங்க" என்று ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டான். முதலில் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு பொம்பளை அழுதாள்.

புருஷன் மவுத்தானால் நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் பார்வை படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பது எங்கள் வழக்கம். இத்தா என்போம். அந்த நாள்களில் கிட்டங்கிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவரோடு பேசி அழுதிருக்கிறேன். ஒரு பிள்ளையைக்கூடத் தராமல் போனீரே என்று வாயில் வரக்கூடாத வார்த்தையால் திட்டியும் இருக்கிறேன். எல்லாம் அந்தப் பாட்டில் இருந்தது. பாட்டுக்குப் பெயரே 'இத்தா'.

நிஹாலைக் கேட்டேன்.

"அதான் பெரியம்மா ஹைலைட்டு. இந்தப் பாட்டுக்குப் பேர்போன நார்வேக்காரனே கேட்டு அழுதிருக்கான். நடிச்சா வருமா இது?"

"அழிச்சிரு அப்பு."

"நெட்டுல போட்டது போட்டதுதான்" என்று சிரித்தான்.

அன்றைக்கும் அவனுக்குச் சோறு போட்டேன்.

ஐப்பசியில் அடைமழை. உப்பேறிய கிட்டங்கித் தரை மழைக்காலத்தில் கசியும். செருப்பில்லாமல் கரண்டுப் பக்கம் போகாதே என்று என் வீட்டுக்காரர் ஆட்களை விரட்டுவார். நிஹாலிடமும் நான் சொல்லிவைத்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்தவன், சேறாகிவிடும் என்று செருப்பை என் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனான். பார்த்தேன். கூப்பிட்டுச் சொல்லவில்லை. அடுப்பில் குழம்பு இருந்தது.

செத்த நேரம் வழக்கமான கத்தல். பிறகு குரல் மாறியது. அப்புறம் கிடார் மட்டும் தானாக இரைந்துகொண்டிருந்தது. குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது, கிடார்க் கம்பியைப் பிடித்தபடியே கிடந்தான்.

பாட்டென்று நினைத்தேன் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். போலீஸ்காரரும் அப்படியே எழுதிக்கொண்டு, மனசைத் தேத்திக்கங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அவனைப் பெற்ற நஸீரா என் மடியில்தான் விழுந்து அழுதாள்.

"அவன் யாரையாச்சும் கூப்பிட்டானா அக்கா?"

"இல்ல நஸீரா."

"அப்ப வலி தெரியாமப் போயிருக்கான்" என்றாள். அன்றிரவு அவள் தூங்கினாள். அவளுக்கு நல்லதுதான் செய்தேன் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கடைசி டெமோவை முகேஷ்குமார் வெளியிட்டுவிட்டான். அந்தக் கத்தலைப்போல் கேட்டதே இல்லை என்று எங்கெங்கிருந்தோ எழுதுகிறார்களாம். போன வாரம் வந்து, "முடிவுல என்னமோ வார்த்தை வருது பெரியம்மா. இரைச்சல்ல பிடிபடல. உங்களுக்குப் புரியுதா?" என்று கேட்டான்.

"வார்த்தையே இல்லப்பா" என்றேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண்ணுகளா. வார்த்தை இருந்தது. "பெரியம்மா, மெயினை அமத்துங்க." கிட்டங்கிக்கு மெயின் சுவிட்ச் என் அடுப்படிச் சுவரில்தான் இருக்கிறது. முதல் தடவை கேட்டதுமே என் கை அதன்மேல் போய்விட்டது. பிறகு கையை எடுத்துக்கொண்டேன். இரண்டாம் தடவையும் முழுசாகக் கேட்டது. மூன்றாம் தடவை அவனுக்கு மூச்சில்லை, 'அம்மா' என்று மட்டும்தான் வந்தது.

என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இன்னொரு தடவை கூப்பிடுவான் என்று காத்துக்கொண்டு நின்றேன்.